காலியாகாத கடைசி வீடு

போன மாதம் உங்களில் ஒருவர் என்னைப் போனில் கூப்பிட்டார். சுகாதார ஆய்வாளர் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். "சார், இடியப்போற கட்டடத்துல ஒரு குடும்பம் மட்டும் இருந்துக்கிட்டு அசைய மாட்டேங்குறாங்க. நோட்டீஸ் குடுத்தாச்சு. இனி போலீஸை வச்சுக் காலி பண்ண வேண்டியதுதானே?" என்று கேட்டார். செய்யலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது என்றேன். அவர் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார். நான் சொன்ன பதில் தப்பில்லை. ஆனால் அது பாதிப் பதில். மீதியைப் போனில் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் விருதுநகர். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் வற்றல், மல்லி வியாபாரம்தான். "நம்ம வீட்டுல இவன் ஒருத்தன்தான் அடுத்தவன் வீட்டுத் தண்ணித் தொட்டிய எட்டிப் பாக்குற வேலைக்குப் போனவன்" என்று என் அண்ணன் இன்றைக்கும் கடையில் உட்கார்ந்து சொல்லுவார். திருத்தங்கல், சிவகாசிப் பக்கத்து ஜனங்களுக்கு நான் 'இன்ஸ்பெக்டர் பாய்'. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது யாரும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு நான் இழந்தது சம்பளத்தையோ நாற்காலியையோ இல்லை. கதவுகளை. காலை பத்து மணிக்கு ஒரு தெருவுக்குள் நுழைந்தால், குழம்பு கொதிக்கும் வீடு, பிள்ளை அழும் வீடு, சண்டை நடந்து முடிந்த வீடு என்று எல்லாக் கதவும் எனக்குத் திறக்கும். "வாங்க பாய், எங்க வீட்டுல கொசு இல்ல, இருந்தாலும் பாத்துட்டுப் போங்க" என்பார்கள். இப்போது அதே தெருவில் நடந்தால் நான் வெறும் வழிப்போக்கன்.

அப்படிக் கதவு திறக்கிற வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. என் முதல் அதிகாரி ஒரு டாக்டரம்மா. டெங்குக் காய்ச்சல் பரவிய சமயத்தில் எங்களைத் தெருத் தெருவாக அனுப்பும்போது ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "எல்லா மூடியையும் திறந்து பாருங்க. வாயை மட்டும் திறந்துராதீங்க." ஒரு வீட்டில் கண்டதை அடுத்த வீட்டுக்குக் கொண்டு போனால், அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் தண்ணீர்ப் பானையின் மூடிகூட நமக்காகத் திறக்காது என்பது அவர் கணக்கு. முப்பது வருடத்துக்கு மேல் நான் அதைக் காப்பாற்றினேன். ஒரே ஒரு தடவைதான் அதை மீறுவதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டி வந்தது. அந்தக் கதைதான் இது.

திருத்தங்கலில் ஒரு வளவு. ஒரு முற்றத்துக்கு இரண்டு பக்கமும் வரிசையாக ஓட்டு வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், கடைசியில் கழிப்பறை. குடியிருந்தவர்கள் எல்லோரும் அச்சாபீசிலும் பட்டாசுக் கம்பெனியிலும் வேலை பார்ப்பவர்கள். கழிப்பறைத் தொட்டி விரிசல் விட்டு, அந்தத் தண்ணீர் பின்சுவரின் அடியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று விசாரிக்கப் போனவன், சுவரைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவர். கர்ப்பிணியின் வயிறு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. அப்போது புரட்டாசி. ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் அந்தச் சுவர் நிற்காது. குடியிருக்கத் தகுதியற்ற கட்டடம் என்று அறிக்கை கொடுத்தேன். பொறியாளர் வந்து பார்த்து அதையே சொன்னார். சென்னையில் இருந்த உரிமையாளரும் ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு வீடாகக் காலியானது.

ஒரு வீடு மட்டும் காலியாகவில்லை. பின்சுவரை ஒட்டிய கடைசி வீடு. அதில் இருந்தது குருசாமி, அவர் மனைவி சீனியம்மாள். இரண்டே பேர். குருசாமி காலண்டர் அச்சாபீசில் பேப்பர்க் கட்டு தூக்குகிறவர். ஒல்லியான ஆள், அடிக்கடி இருமுவார், பேச்சு குறைவு. சீனியம்மாள் வீட்டிலிருந்தபடி பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றுவார்.

"நான் தயார் சார்" என்றார் குருசாமி. "அச்சங்குளத்துல எங்கண்ணன் வீட்டுப் பக்கத்துல வீடு பாத்தாச்சு. அங்கனயே ஒரு கம்பெனில லோடு ஏத்துற வேலையும் சொல்லியிருக்காக. இவதான் அசைய மாட்டேங்கா."

சீனியம்மாளிடம் கேட்டேன்.

"அங்கன தண்ணி வசதி கிடையாது சார்" என்றார்.

நான் விசாரித்து, அச்சங்குளத்தில் அந்தத் தெருவில் குழாய் இருக்கிறது என்று மறுநாள் வந்து சொன்னேன்.

"புரட்டாசில வீடு மாறக் கூடாதுன்னு பெரியவுக சொல்வாக."

மழை புரட்டாசி பார்த்து நிற்காது என்றேன்.

"குழாய் சுத்தக் காகிதம் குடுக்குற ஏஜெண்டு இங்கனதான் வருவாரு. அங்கன வர மாட்டாரு."

அந்த ஏஜெண்டையே பிடித்துக் கேட்டேன். அவர் அச்சங்குளத்திலும் காகிதம் கொடுக்கிறவர்தான். அதைச் சொன்னதும் சீனியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார்.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் மாறிக்கொண்டே இருந்தால், உண்மையான காரணம் இன்னும் வெளியே வரவில்லை என்று அர்த்தம். நீங்கள் ஒவ்வொரு காரணத்தையும் அடைத்துக்கொண்டே போனால் அந்த மனுஷியை மூலைக்குத் தள்ளுகிறீர்கள், அவ்வளவுதான். எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

வானிலை அறிவிப்பு வந்துவிட்டது. கனமழை என்றார்கள். பொறியாளர் வந்து நின்றார். "நாளைக்குக் காலையில போலீஸோட வர்றேன் பாய். கரண்டைக் கட் பண்ணிடுவோம். சுவரு விழுந்து ரெண்டு உசுரு போச்சுன்னா நீங்களும் நானும் பதில் சொல்லணும்." அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. "இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் எனக்கு விடுங்க" என்று கேட்டுக்கொண்டேன்.

மற்றவர்கள் காலி செய்த வீடுகளின் முன்னால் உடைந்த பானை, டயர், தேங்காய்ச் சிரட்டை என்று கிடந்தன. தண்ணீர் தேங்கினால் கொசு முட்டையிடும் என்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே கடைசி வீட்டுக்கு வந்தேன். குருசாமி வேலைக்குப் போயிருந்தார். சீனியம்மாள் வாசலில் உட்கார்ந்து குழாய் சுற்றிக்கொண்டிருந்தார். "உள்ள பாத்திரங்களையும் ஒரு தடவை பாத்துக்கிடுதேன்மா" என்றேன். போங்க என்று கையைக் காட்டினார். குடம், அண்டா, சிமெண்ட் தொட்டி எல்லாம் சுத்தம். மூலையில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரம், மூடியின் மேல் ஒரு அம்மிக்குழவி.

"அது வேணாம் சார். அதுல ஒண்ணுமில்ல" என்று வாசலில் இருந்தே வேகமாகச் சொன்னார்.

இத்தனை வருடப் பழக்கம். ஒன்றுமில்லை என்று சொன்ன பாத்திரத்தைத்தான் கை முதலில் திறக்கும். குழவியை இறக்கி வைத்து மூடியைத் திறந்தேன்.

டிரம் காய்ந்து கிடந்தது. அடியில், பழைய சேலையை மடித்துப் போட்டு, அதன் மேல் கைக்குழந்தையின் சட்டைகள். வெள்ளைப் பருத்தித் துணியில் கையால் தைத்தவை. ஒரு வசம்பு வளையல். ஒரு மை டப்பா. ஒரு கிலுகிலுப்பை. இந்த வீட்டில் குழந்தை கிடையாது. இந்த வளவிலேயே கைக்குழந்தை கிடையாது.

மூடியை மூடி, குழவியைத் திரும்ப வைத்தேன். வெளியே வந்து குழாயடியில் கை கழுவினேன். கழுவிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், "பிள்ளைக்கு எத்தனை மாசம்மா ஆகுது?" என்று கேட்டேன்.

சுற்றிக்கொண்டிருந்த குழாய் அவர் கையில் அப்படியே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே, "பிறந்திருக்கும் சார். ஆவணிலயே பிறந்திருக்கும்" என்றார்.

அவர்களுக்கு ஒரே மகள், முனீஸ்வரி. அப்பா வேலை பார்த்த அதே அச்சாபீசில் காலண்டருக்குத் தகரப்பட்டி அடிக்கிற வேலை. அங்கே மிஷின் ஓட்டிய பையனோடு பழகிக் கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டாள். பையன் வேறு சாதி. குருசாமி தன் போனிலிருந்து மகளின் நம்பரை அழித்தார். தன் நம்பரையும் மாற்றினார். அந்தப் பெயரை வீட்டில் சொல்லக் கூடாது என்றார். சொல்லவும் இல்லை. சீனியம்மாளிடம் போன் கிடையாது, எழுதப் படிக்கவும் தெரியாது.

"ஒரு தடவ வந்தா சார்" என்றார் சீனியம்மாள். "அவுகப்பா வேலைக்குப் போன நேரமாப் பாத்து, பஸ் ஏறி வந்தா. இந்தா, இந்தக் குழாயடியிலதான் நின்னா. வயிறு தெரிஞ்சுச்சு. சோறு போட்டேன். சாப்பிட்டுட்டு, பிள்ளை பெறவும் தூக்கிக்கிட்டு இதே மாதிரி மத்தியானத்துல வாரேம்மான்னு சொல்லிட்டுப் போனா. இப்ப நான் போயிட்டா அவ வந்து யாருகிட்ட கேப்பா? வளவுல ஒரு ஆளு இல்ல. எதுத்த டீக்கடை அவரு சொந்தக்காரவுக. அச்சங்குளத்துல தெரு பூராவும் அவரு ஆளுக. அந்த ஊருக்குள்ள எம்பிள்ளை கால் வைக்க முடியாது சார். இந்த வாசல் ஒண்ணுதான் அவளுக்குத் தெரிஞ்ச வாசல்."

இவ்வளவு நாளாக நாங்கள் சுவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் வாசலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

சுவர் விழும் என்பது நிச்சயம். மகள் வருவாள் என்பதும் அவருக்கு அதே அளவு நிச்சயம். முற்றத்தில் இரண்டு தடவை நடந்தேன். தெருப்பக்கத்து முன்சுவர் கல் கட்டடம், அது நிற்கும். அதில்தான் 'அபாயகரமான கட்டடம், உள்ளே நுழையக் கூடாது' என்று எழுத வேண்டியிருந்தது. அந்தச் சுவரைப் பார்த்தபோதுதான் யோசனை வந்தது.

"அம்மா, அந்தச் சுவத்துல எச்சரிக்கை எழுதப் போறோம். அதுக்குக் கீழ, இங்கன குடியிருந்தவுகளைப் பத்திக் கேக்க இந்த நம்பர்னு என் நம்பரைப் போடுறேன். யார் பேரும் இருக்காது. உங்க மக வந்தா எனக்குத்தான் பேசுவா."

"படிக்கத் தெரியும் அவளுக்கு" என்றார் அவர். பிறகு, "எங்கிட்ட மட்டும்தான் சொல்லணும். அவருக்குத் தெரியக் கூடாது" என்றார்.

"சரி."

"எம்மேல சத்தியமா?"

"உங்க மேல சத்தியமா."

அன்று சாயங்காலமே குருசாமி லோடு ஆட்டோ கொண்டுவந்து சாமான்களை ஏற்றினார். சீனியம்மாள் வண்டியில் ஏறும்வரை குழாயடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் சிவப்புப் பெயிண்டில் சுவரில் எழுதினோம். பொறியாளர் படித்துப் பார்த்துவிட்டு, "எதுக்கு பாய் உங்க சொந்த நம்பரு?" என்றார். "போஸ்ட்மேன் வந்தா கேப்பாருல்ல" என்றேன். அந்த வாரம் மழை பிடித்தது. பின்சுவர் மொத்தமாகக் கடைசி வீட்டின் மேல்தான் விழுந்தது. ஓடு, உத்தரம் எல்லாம் தரைமட்டம். நானும் பொறியாளரும் குடையோடு போய்ப் பார்த்தோம்.

அந்த நம்பருக்கு நிறையப் பேர் பேசினார்கள். சிலிண்டர் போடுகிறவர், இன்சூரன்ஸ்காரர், பழைய இரும்பு கிடைக்குமா என்று கேட்டவர். முனீஸ்வரி மட்டும் பேசவில்லை.

சீனியம்மாள் மாதம் ஒரு தடவை வருவார். ரத்த அழுத்த மாத்திரை வாங்க. அச்சங்குளத்துக்குப் பக்கத்திலேயே அரசு ஆஸ்பத்திரி உண்டு. ஆனாலும் இரண்டு பஸ் மாறி எங்கள் நகர்ப்புறச் சுகாதார நிலையத்துக்கு வந்து வாங்குவார். மாத்திரையை முந்தியில் முடிந்துகொண்டு என் அறை வாசலில் வந்து நிற்பார். ஒன்றும் கேட்க மாட்டார். நான் இல்லை என்று தலையசைப்பேன். அவரும் தலையசைத்துவிட்டுப் போவார். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவர் அத்தனை தூரம் வருகிறார் என்று அங்கிருந்த நர்ஸுக்குத் தெரியாது. "உங்க ஊர்லயே வாங்கலாமே" என்று அவர் ஒவ்வொரு மாதமும் சொல்லுவார்.

ஒரு தீபாவளி கழிந்து, பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் ஓய்ந்திருந்த சமயம். மதியம் ஒரு போன். எடுத்ததும் ஒரு இருமல். யாரென்று அந்த இருமலே சொல்லிவிட்டது.

"சார், சுவத்துல எழுதியிருக்க நம்பரா இது?"

"ஆமா."

"அங்கன இருந்தவுகளைத் தேடி யாராச்சும் வந்தாகளா?"

"யாரைத் தேடி?"

"யாரையாச்சும்" என்றார் குருசாமி. போன் நின்றுவிட்டது.

உங்களில் பலர் இந்த இடத்தில் சந்தோஷப்படுவீர்கள். நான் பயந்தேன். நம் ஊரில் ஓடிப்போன மகளைத் தேடுகிற அப்பா எல்லோரும் ஏக்கத்தோடு தேடுகிறவர்கள் அல்ல. எதற்காகத் தேடுகிறார் என்று ஒரு குரலை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதனால் அவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, சீனியம்மாளுக்கும் அவர் பேசியதைச் சொல்லவில்லை. மூடியைத் திறந்தாயிற்று, வாயைத் திறக்கவில்லை.

பொங்கலுக்கு மறுபடி பேசினார். அடுத்து வைகாசியில். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. ஒரு தடவை நானே கேட்டேன். "குருசாமி, வந்தா நான் என்ன செய்யணும்?"

தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அவருக்கு இருமல்தான் வந்தது. பிறகு சொன்னார். "ஒண்ணும் செய்ய வேணாம் சார். நல்லாருக்காளான்னு மட்டும் கேட்டு வச்சுக்கிடுங்க. இங்கன கூட்டிட்டு வந்துறாதீக. எங்கண்ணன் மக்க சரி கிடையாது."

"சரி."

"வீடு காலி பண்ணப்ப அந்த டிரம்ம நான்தான் சார் தூக்கி வண்டில வச்சேன். உள்ள கிலுகிலுப்பை சத்தம் கேட்டுச்சு. அவ என் முகத்தப் பாத்துக்கிட்டே நின்னா. நான் கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

மகளை அந்த ஊருக்கு நெருங்கவிடாதீர்கள் என்று எச்சரிக்கிற அப்பாவை நம்பலாம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ஆனாலும் சீனியம்மாளுக்குச் செய்த சத்தியம் இருந்தது. ஒரே வீட்டில், ஒரே அடுப்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டு, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் ஒரே ஆளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருவன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

நான் ஓய்வு பெறுகிற மாதம் சீனியம்மாள் வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய் திறந்து கேட்டார். "நீங்க போயிட்டா சார்?"

"நான்தான் ரிட்டையர் ஆகுறேன். நம்பர் ஆகாது" என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு ஒரு மதியம் அந்தப் போன் வந்தது. பெண் குரல். பின்னால் ஒரு பிள்ளை சிணுங்கும் சத்தம்.

"சார், நாங்க இந்த வளவுலதான் குடியிருந்தோம். இப்ப வந்து பாத்தா வெறும் மண்ணாக் கிடக்கு. எங்க வீடு இருந்த இடத்துல சுவரு..."

"உங்கம்மா நல்லாருக்காக" என்றேன். "அப்பாவும் நல்லாருக்காரு. சுவரு விழும்போது அங்கன யாருமே இல்ல."

யாராவது இப்படிப் பதறிப்போய் உங்களைக் கூப்பிட்டால், பெயர் என்ன, ஊர் என்ன என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் எதைப் பயந்து கேட்கிறார்களோ அதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுங்கள். மற்ற விவரம் எல்லாம் பிறகு தானாக வரும்.

எதிர்த்த டீக்கடையில் நிற்க வேண்டாம், அப்படியே விருதுநகர் பஸ் ஏறு என்று சொன்னேன். வந்தாள். தோளில் இருந்த பெண் குழந்தைக்கு மூன்று வயது இருக்கும், வழியிலேயே தூங்கிப்போயிருந்தாள். என் மனைவி இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். பிரசவத்தில் சிக்கலாகி ஆறு மாதம் படுத்திருந்ததாகவும், அப்புறம் வேலை, அப்புறம் பயம், இப்படியே வருடம் ஓடிப்போனதாகவும் முனீஸ்வரி சொன்னாள். "போன வருசம் சாத்தூர் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன் சார். அப்பா கண்ணுல பட்டுட்டா என்ன செய்றதுன்னு."

இப்போதுதான் நான் முடிவு செய்ய வேண்டிய இடம். அம்மாவிடம் மட்டும் சொல்லி, அம்மாவையும் மகளையும் ரகசியமாகச் சந்திக்க வைக்கலாம். அது நான் ஒப்புக்கொண்டது. அல்லது அப்பாவுக்குப் பேசலாம். அது அவர் கேட்டுக்கொண்டது. இரண்டில் எதைச் செய்தாலும் நானே தீர்மானித்ததாக ஆகும். ஆனால் ஏதாவது விபரீதமானால் அடிபடப் போவது நான் இல்லை, இந்தப் பெண். அதனால் எல்லாவற்றையும் அவளிடமே சொன்னேன். அம்மா மாதாமாதம் வந்து வாசலில் நிற்பதை, அப்பா போனில் கேட்பதை, அண்ணன் மக்களைப் பற்றி அவர் எச்சரித்ததை. சத்தியம் அவள் அம்மாவோடுதான், அவளோடு இல்லை.

அப்பா பேசினார் என்றதும் அவள் பிசைந்துகொண்டிருந்த சோற்றில் கை அப்படியே நின்றது. "எங்கப்பாவா?" என்றாள். இரண்டு மூன்று தடவை கேட்டாள்.

பிறகு அவளே சொன்னாள். "பிள்ளைக்கு இருக்கன்குடிக் கோயில்ல மொட்டை எடுக்கணும்னு அம்மா நேந்துக்கிட்டாக சார். அடுத்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை அங்கன வாரோம். எங்க வீட்டுக்காரரும் வருவாரு. கூட்டம் இருக்கும், பயமில்ல. அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிருங்க. அப்பாவக் கூட்டிட்டு வரலாமா வேணாமான்னு அம்மா முடிவு பண்ணட்டும்."

சீனியம்மாளின் மாத்திரை நாளுக்காகக் காத்திருந்தேன். அதே நிலையத்து வாசலில், இப்போது வெளியாள் மாதிரி வேப்பமரத்தடியில் நின்றேன். அவர் வந்து என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நான் தலையசைத்தேன். இந்தத் தடவை மேலும் கீழுமாக. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மற்றதையும் சொன்னேன். குருசாமி பேசியதைச் சொன்னபோது முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல சார் அந்த மனுசன். இம்புட்டு வருசமா."

"நீங்களும் சொல்லலையேம்மா."

முந்தியை உதறிக்கொண்டு எழுந்தார். "நானே கூட்டிட்டு வாரேன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை இருக்கன்குடி ஆற்று மணலில் நல்ல கூட்டம். ஆற்றில் தண்ணீர் இல்லை. மொட்டை எடுக்கிற இடத்தில் முனீஸ்வரியும் அவள் கணவனும் பிள்ளையோடு வரிசையில் நின்றார்கள். சீனியம்மாள் போய் மகளைத் தொட்டதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். குருசாமி அங்கே போகவில்லை. ஆற்றின் இந்தப் பக்கம், ஒரு கருவேல மர நிழலில் உட்கார்ந்துவிட்டார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "போகலையா?" என்று கேட்டதற்கு, "இருக்கட்டும் சார்" என்றார். கண் மட்டும் அந்தப் பக்கமே இருந்தது.

மொட்டை எடுத்து, தலையில் சந்தனம் பூசி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முனீஸ்வரி தனியாக ஆற்று மணலில் நடந்து வந்தாள். எங்களுக்கு நாலடி தள்ளி நின்றாள். பிள்ளையை இறக்கி மணலில் விட்டாள். உச்சி வெயில். பிள்ளை காலைத் தூக்கித் தூக்கி வைத்து அழ ஆரம்பித்தது.

"மணலு இந்தக் கொதி கொதிக்குது. பிள்ளைய இப்படியா இறக்கி விடுவ?" என்றார் குருசாமி. அத்தனை வருடத்துக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மணலில் விரித்தார். பிள்ளையைத் தூக்கி அதன் மேல் நிறுத்தினார். முனீஸ்வரி அந்தத் துண்டின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அவர் அவளைப் பார்க்காமல் பிள்ளையின் பாதத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

நான் எழுந்து கோவில் பக்கம் போய், ஒரு டீ குடித்து, மாப்பிள்ளையோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல பையன். மாமனாரிடம் போகப் பயந்துகொண்டு நின்றான். போ, ஒன்றும் சொல்ல மாட்டார் என்றேன். அதற்கு நான் உத்தரவாதம் கொடுக்க முடியாதுதான். ஆனாலும் சொன்னேன்.

விருதுநகர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று மரத்தடிக்குத் திரும்பி வந்தேன். சீனியம்மாள் மகளின் தலையை மடியில் வைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். குருசாமி கருவேல மரத்தில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலை அவர் நெஞ்சில் சாய்ந்திருந்தது, சந்தனமெல்லாம் அவர் சட்டையில்.

"அப்ப நான் வரட்டுமா குருசாமி?" என்றேன்.

அவர் ஒரு விரலை உதட்டில் வைத்தார். இருமல் வந்ததையும் வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு, "மெதுவாப் பேசுங்க சார்" என்றார். "பிள்ளை இப்பத்தான் கண்ணசந்துச்சு."